பவளத் தொட்டியில் ஓசிப் பயணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் பொங்கோலில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், மூன்றடி நீளத்துக்கு ஒரு பவளத் தொட்டி வைத்திருக்கிறேன், அதாவது உயிருள்ள பவளமும் மீனும் வாழும் உப்புநீர்த் தொட்டி. ஒன்பது வருடமாகிறது. அதனாலோ என்னவோ, புதிதாகத் தொட்டி வைக்கும் நண்பர்களுக்கெல்லாம் என் கைப்பேசி எண் மனப்பாடம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மங்கலாக ஒரு படம் வரும். கீழே, "அண்ணே, இது என்ன? கொன்னுடலாமா?" என்று இருக்கும். படத்தில் பாதி கண்ணாடி, மீதி அவர் போட்டிருக்கும் பனியனின் நிழல். நாம் வாங்காமலே தொட்டியில் வந்து குடியேறும் உயிர்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மீனும் பவளமும் மட்டும்தானே வாங்கினேன்? இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கல்லோடு வந்தது. லைவ் ராக் என்று நாம் வாங்குவது செத்த பவளத்தின் கூடு. கடலில் வருடக்கணக்காகக் கிடந்து, ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி துளைத்துளையாகி, உள்ளே ஓர் ஊரே குடியேறிய கல். ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்பினாலும் அந்த ஊரில் பாதி உயிரோடுதான் வந்து இறங்கும். பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சின்ன வட்டக் கல், நத்தையின் முதுகு, பாசிக் கொத்து, இவையும் வாகனங்கள்தாம். சில உயிர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் முகம் காட்டும். அதனால் "புதிதாக எதுவுமே போடவில்லையே" என்று குழம்ப வேண்டாம்.

ஆங்கிலத்தில் இவற்றை ஹிட்ச்ஹைக்கர் என்பார்கள். நான் ஓசிப் பயணி என்று சொல்லிப் பழகிவிட்டேன். இது நம் தொட்டியில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற மட்டி 2016இல் நம் வடக்குக் கரையில், ஜொகூர் நீரிணையில் தென்பட்டது. அதன்பின் அங்குள்ள மீன்பண்ணை வலைகளில் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டது.

பார்த்த உடனே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாதா?

சிலவற்றைச் சொல்லலாம். ஆனால் உருவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பாதி நேரம் தப்பாகிவிடும். தொட்டி வைத்த முதல் வருடம், கல்லின் அடியில் கறுப்பாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முதுகில் விரல்நகம் அளவுக்கு ஓடு, அதைச் சுற்றிலும் வழவழவென்று உடம்பு வழிந்து கிடந்தது. அட்டைதான் என்று முடிவுகட்டி இடுக்கியால் பிடித்தேன். வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தது. விடாமல் பிடித்துக் குப்பையில் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஸ்டோமடெல்லா நத்தை. கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியை மேய்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதைக் காசு கொடுத்துத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: என்ன செய்கிறது என்று பார்க்காமல் எதையும் கொல்வதில்லை. எப்போது வெளியே வருகிறது, எதைத் தின்கிறது, எந்தத் துளைக்குத் திரும்பிப் போகிறது, அது இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பவளம் விரிகிறதா சுருங்குகிறதா என்று இரண்டு மூன்று இரவு பாருங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ரப்பர் போட்டுக் கட்டி, அடுப்படி முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சிவப்பு வெளிச்சம் இவற்றில் பெரும்பாலானவற்றின் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. முதல் தடவை பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். பகலில் வெறும் கல்லாக இருந்தது ராத்திரியில் தேக்கா சந்தையின் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கும்.

படம் எப்படி எடுத்து அனுப்புவது?

அலைப் பம்பை நிறுத்துங்கள். நீல விளக்கைக் குறைத்து வெள்ளையைக் கூட்டுங்கள். கைப்பேசியைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிப் பிடியுங்கள். அளவு தெரிய வேண்டும் என்பதால் வெளிக் கண்ணாடியில் ஓர் ஐம்பது காசை வைத்துப் பிடித்தால் நல்லது. படத்தைவிடப் பத்து விநாடிக் காணொளி மேல். நகர்கிற விதத்தைப் பார்த்தாலே பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. சில நகர்கின்றன, சில நகரவில்லை.

நகராமல், சுருள் சுருளாகக் குண்டூசித் தலை அளவில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்பைரார்பிட் புழுவின் சுண்ணாம்புக் கூடு. ஒன்றும் செய்யாது. விட்டுவிட்டு ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற புள்ளிகள் கோபிபாட். உடம்பை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளும் அரிசி அளவுப் பூச்சி ஆம்ஃபிபாட். இவை இருந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மாண்டரின் மீன் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் அன்றாடச் சோறு.

பழுப்பு நிறத்தில் கண்ணாடி போல ஒரு குட்டிப் பூ முளைத்திருக்கிறது. அழகாக இருக்கிறதே, வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அது ஐப்டேசியா. கடல் சாமந்தி வகைதான், ஆனால் தொட்டிக்கு ஆகாத சாமந்தி. மெல்லிய காம்பு, அதன் உச்சியில் ஒரு தட்டு, அதைச் சுற்றி நீளமான கூர்மையான இழைகள். விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் சுருக்கென்று துளைக்குள் போய்விடும். அந்த இழைகள் கொட்டும். பக்கத்தில் இருக்கும் பவளம் ஒரு பக்கமாகவே சுருங்கிக் கிடந்தால் மறுபக்கத்தில் இது நிற்கிறதா என்று தேடுங்கள்.

இதில்தான் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சவர பிளேடால் அடியோடு சுரண்டி எடுத்துவிட்டுப் பெருமையாகத் தூங்கப் போனேன். ஐப்டேசியாவின் பாதத்திலிருந்து கிழிந்த கிள்ளு அளவுச் சதைகூடத் தனி உயிராக முளைக்கும். ஆறு வாரத்தில் சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் அடித்தொட்டி) சுவர் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல். பிளேடை எடுத்தவனுக்கு வேண்டியதுதான்.

சரியான வழி: அலைப் பம்பை நிறுத்திவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் சுத்திகரித்த நீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயை மூடும்படி மெதுவாக வையுங்கள். அது சுருங்குவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். இதற்கென்றே கடைகளில் பாட்டில் மருந்தும் உண்டு, அதுவும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு நண்பர் கேட்டார், "லிட்டில் இந்தியாவில் வெற்றிலைக்கு விற்கிற சுண்ணாம்பைப் போட்டால் என்ன?" வேதியியல்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதில் கூட என்ன கலந்திருக்கிறது என்று பெட்டி மேல் எழுதியிருக்காது. நான் போடமாட்டேன்.

நிறையப் பரவிவிட்டால் அதைத் தின்கிற உயிர்தான் வழி. பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, அது தீர்ந்தால் தானும் பட்டினியில் செத்துப்போகும். பெப்பர்மின்ட் இறால் தின்னும், ஆனால் வாங்கும்போது கவனம். முதுகில் கூன் விழுந்து, கண் துருத்தி, வெள்ளைக் கோடுகள் உள்ள ஒட்டக இறாலை அதே பெயரில் தந்துவிடுவார்கள். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு உங்கள் பவளத்தைக் கொறிக்கும். நீண்ட மூக்குள்ள காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனும் தின்னும். நம் தென் தீவுகளின் பாறைகளிலேயே இயற்கையாக வாழ்கிற மீன்தான் அது. தொட்டியில் மட்டும் ஏனோ தீனிக்கு வீம்பு பிடிக்கும். சின்னத் தொட்டிக்கு அதை வாங்காதீர்கள்.

இழைகளின் நுனியில் குமிழ் மாதிரி, பச்சையாக, குட்டையாக இருந்தால்?

அது மஜானோ. ஐப்டேசியாவின் பங்காளி. வைத்தியமும் அதேதான்.

கல்லுக்கடியிலிருந்து முள் முள்ளாக ஒரு பூரான் வருகிறது! குழந்தைகள் இருக்கிற வீடு, என்ன செய்வது?

எனக்கு அதிகமாக வரும் படம் இதுதான். பூரானும் இல்லை, வீட்டுக்குள் நடந்தும் வராது. பிரிசில் புழு. இளஞ்சிவப்பிலிருந்து சாம்பல் வரை நிறம், இரண்டு பக்கமும் வெள்ளை மயிர்க் கற்றைகள். செத்த மீன், மிஞ்சிய தீனி, கழிவு எல்லாவற்றையும் தின்று தீர்க்கும் துப்புரவாளர். ராத்திரி எங்கோ மூலையில் செத்துப்போன மீனை விடிவதற்குள் காணாமல் ஆக்குவது இவர்தான். காலையில் எழுந்து அந்தப் புழுக்கள் மீனின் மேல் மொய்ப்பதைப் பார்த்து, "புழு என் மீனைக் கொன்றுவிட்டது" என்று படம் அனுப்புவார்கள். பிணத்தின் பக்கத்தில் நின்றவரைக் கொலைகாரர் ஆக்குகிற கதை.

ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்த மயிர்கள் கண்ணாடித் தூள் மாதிரி தோலில் ஏறி இரண்டு நாள் எரியும். ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்து எடுங்கள், பிறகு வினிகர் தடவுங்கள். கல்லை நகர்த்தும்போதெல்லாம் கையுறை போடுவது நல்ல பழக்கம்.

எண்ணிக்கை மிதமிஞ்சிப் போனால் காரணம் புழுவிடம் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. தீனி அதிகமாக விழுகிறது. பாதியாகக் குறையுங்கள், இரண்டு மாதத்தில் அவையும் குறையும்.

அதே புழுதான், ஆனால் மயிர் இல்லை, வானவில் மாதிரி மினுங்குகிறது. இதுவும் துப்புரவாளரா?

தலையைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஐந்து உணர்கொம்புகள், மினுங்கும் உடம்பு, தீனியைப் பிடித்ததும் ரப்பர் மாதிரி வெடுக்கென்று துளைக்குள் பின்வாங்கும் வேகம், இவை மூன்றும் இருந்தால் அது யூனிசிட் குடும்பம். குடும்பத்தில் எல்லாரும் ரௌடி இல்லை. ஆனால் அதில் ஒருவர் பாபிட் புழு. பொறி மாதிரி திறக்கும் தாடையோடு மணலிலிருந்து எழும்பி மீனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இவை எவ்வளவு வளரும் என்பதற்கு இரண்டு கதை, இரண்டும் 2009. இங்கிலாந்தில் நியூகீ நகரத்துப் பொதுமக்கள் மீன்காட்சிச் சாலையில் பவளம் துண்டிக்கப்பட்டும் மீன் காயப்பட்டும் கிடக்க, ஆள் யாரென்றே தெரியவில்லை. கடைசியில் அலங்காரத்தைப் பிரித்துப் பார்த்தபோது நாலடிப் புழு ஒன்று இருந்தது. ஜப்பானின் ஷிராஹமாவில், மிதவை ஒன்றுக்குள் ஒளிந்து வாழ்ந்ததை எடுத்து அளந்தார்கள்: 299 சென்டிமீட்டர், 673 கணுக்கள். இரண்டுமே ஓசியில் தங்கியிருந்தவை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தொட்டியில் மீன்கள் தடயமில்லாமல் குறைகின்றன, மினுங்கும் புழுவும் கண்ணில் பட்டது என்றால், எந்தக் கல்லில் வசிக்கிறது என்று குறித்துக்கொண்டு அந்தக் கல்லையே வெளியே எடுங்கள். புழுவைப் பிடித்து இழுத்தால் பாதி அறுந்து வரும், மீதி உள்ளேயே இருக்கும்.

ராத்திரியில் தொட்டியிலிருந்து டக் டக் என்று சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதா?

முதலில் கண்ணாடியையும் பார்த்துவிடுங்கள், அதில் தப்பில்லை. கண்ணாடி சரியாக இருந்தால் இரண்டு பேர் மேல்தான் சந்தேகம்.

ஒரே ஒரு சத்தம், விரலைச் சொடுக்கியது மாதிரி காய்ந்த சத்தம் என்றால் பெரும்பாலும் பிஸ்டல் இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசாக இருக்கும். அதை வெடுக்கென மூடும்போது உண்டாகிற நீர்க்குமிழி உடைகிற ஒலிதான் அது. மணலைத் தோண்டித் தோண்டிக் கல்லைச் சரிய வைக்கும், அவ்வளவுதான் குற்றம். கோபி மீன் ஒன்றை வாங்கி விட்டால் இரண்டும் ஒரே வளையில் குடித்தனம் நடத்துவதைப் பார்க்கலாம். கண் சரியாகத் தெரியாத இறால், ஓர் உணர்கொம்பை எப்போதும் மீனின் மேல் வைத்துக்கொண்டே மணல் அள்ளும். எனக்குத் தொட்டியில் பிடித்த காட்சி அதுதான்.

அடுத்தடுத்து இரண்டு மூன்று தட்டு, சுத்தியால் கல்லில் தட்டியது போல, கூடவே ஒரு துளை வாசலில் உடைந்த நத்தை ஓடுகள் குவிந்திருந்தால் அது மாண்டிஸ் இறால். அதில் குத்தும் வகையின் கை வேகத்தை 2004இல் அளந்தார்கள்: விநாடிக்கு 23 மீட்டர். நத்தை, நண்டு, சின்ன மீன் எதுவும் தப்பாது. விரலைத் துளைக்குள் விடவே விடாதீர்கள். வெளியே எடுக்க, கல்லைத் தூக்கி ஒரு வாளிக்கு மேலே பிடித்து, அந்தத் துளைக்குள் இனிப்புச் சேராத சோடாத் தண்ணீரைச் சிரிஞ்சால் விடுங்கள். மூச்சுமுட்டி வாளியில் வந்து விழும். ஏழெலெவன் கடைச் சோடா போதும், மருந்து எதுவும் வேண்டாம்.

நண்டு வந்திருக்கிறது. நல்ல நண்டு எது, கெட்ட நண்டு எது?

கிளைப் பவளத்தின் உள்ளேயே, வெளியே வராமல், வழவழப்பான உடம்போடு பட்டன் அளவில் இருந்தால் ட்ரபீசியா. அதைத் தொடாதீர்கள். பவளத்தின் காவல்காரர் அது. கடலில் முள்முடி நட்சத்திரமீன் பவளத்தை மேய வந்தால்கூட அதன் காலைக் கிள்ளித் துரத்தும்.

உடம்பெல்லாம் மயிர், கொடுக்கின் நுனி கறுப்பு, பகலில் ஒளிந்து ராத்திரியில் நடமாட்டம் என்றால் சந்தேகப்படலாம். பவளச் சதையைக் கிள்ளும், நத்தையைப் பிரிக்கும், வளர வளரத் தூங்குகிற மீனையும் பிடிக்கும். பிடிப்பது சுலபம். ஒரு கண்ணாடிக் கிளாசைக் கல்லின் மேல் சாய்வாக வைத்து உள்ளே ஓர் இறால் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நண்டு கல்வழியாக ஏறி உள்ளே இறங்கிவிடும், வழுக்கும் கண்ணாடியில் ஏறி வெளியே வரமுடியாது. கோப்பிக்கடைக் கிளாஸ்தான் இதற்குச் சரியான உயரம்.

வீட்டில் பெரியவர்கள் "நண்டுதானே, ரசம் வை" என்று சிரிப்பார்கள். என் மாமியாரும் சொன்னார். சிரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறை நண்டுகளில் சில கொடிய விஷமுள்ளவை. நம் கடலிலேயே இருக்கிற மொசைக் நண்டு, லோஃபோசோசைமஸ் பிக்டர், செந்நிறமும் வெள்ளையும் கலந்து தரை ஓடு பதித்தது மாதிரி அழகாக இருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் விஷம் போகாது.

கல்லிலிருந்து சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றிச் சிலந்தி வலை!

வெர்மெடிட் நத்தை. ஓடு சுருளாமல் குழாயாக வளர்ந்து கல்லோடு ஒட்டிக்கொண்ட நத்தை. அது கோழையை வலையாக வீசி, மிதக்கும் தீனியைப் பிடித்து, வலையோடு இழுத்துத் தின்னும். வலை பவளத்தின் மேல் படும்போது பவளம் எரிச்சலில் விரியாமல் கிடக்கும். குழாயை இடுக்கியால் உடைத்து, அந்த வாயில் கெட்டியான சூப்பர் குளூவை ஒரு சொட்டு வையுங்கள். பொறுமையான வேலை, ஒரே நாளில் முடியாது. தீனித் தூளை அள்ளிக் கொட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். குழாயின் நுனியில் வலைக்குப் பதிலாக இறகு விசிறி விரிந்தால் அது விசிறிப் புழு, பாவம், விட்டுவிடுங்கள்.

புதிதாக நத்தைகள் தென்படுகின்றன.

பெரும்பாலும் பாசி மேய்பவை, மகிழ்ச்சியாக இருங்கள். மூன்றை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். மாவடுப் பிளவு போலத் தட்டையாக, ஓட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஓடும் சன்டயல் நத்தை சோவாந்தஸ் பவளத்தைத் தின்னும். வெந்த அரிசி போல வெள்ளையாக, சிப்பியின் விளிம்பில் கூட்டமாக ஒட்டியிருக்கும் பிரமிடெல்லா சிப்பியின் சாறை உறிஞ்சும். கூம்பு வடிவத்தில், ஓட்டின் வாய் நீளமான பிளவாக இருந்தால் கூம்பு நத்தை. தொட்டியில் வருவது அபூர்வம்தான். ஆனால் அது விஷ ஈட்டியை எய்யும், சில வகைகள் ஆளையே கொல்லும். கையால் எடுக்க வேண்டாம், நீண்ட இடுக்கியால் எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

குட்டி நட்சத்திரமீன்கள், ஒன்றுக்கு நாலு கால், ஒன்றுக்கு ஏழு கால்?

ஆஸ்டெரினா. தன்னைத் தானே பிய்த்துக்கொண்டு பெருகுவதால் கால் கணக்கு தப்பும். பெரும்பாலும் பாசிப் படலம்தான் உணவு. சோவாந்தஸ் மேல் தினமும் ஏறி உட்கார்ந்தால் மட்டும் பொறுக்கி எடுங்கள்.

அக்ரோபோரா பவளம் வெளுக்கிறது, தண்ணீர் அளவெல்லாம் சரி. பூச்சியா?

இருக்கலாம், இதுதான் பர்ஸைப் பதம்பார்க்கும் கூட்டம். பவளத்தின் மேல் சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மெல்லிய செதில் ஒன்று கழன்று சுருண்டு விழுந்தால் அது அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு. தன் நிறமே பவளத்தின் நிறமாக இருப்பதால் ஒட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அது கடித்த வட்டத் தழும்புகள்தான் தெரியும். மோன்டிபோரா பவளத்தில் விளிம்பு வெளுத்து, அடிப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் வெள்ளைப் புழுக்கள் இருந்தால் அது மோன்டிபோராவைத் தின்னும், ஓடில்லாத கடல் நத்தை.

இரண்டுக்கும் பவளத்தை மருந்து நீரில் முக்கி எடுப்பதுதான் வழி. இதில் எல்லாரும் கோட்டை விடும் இடம் ஒன்று: மருந்து முட்டைகளைக் கொல்லாது. பவளத்தின் அடியில் சதையில்லாத எலும்பில் பொன்பழுப்பாக முட்டைக் கூட்டம் இருக்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக நாலைந்து வாரம் மறுபடி மறுபடி முக்க வேண்டும். ஒரே முக்கில் தீர்ந்தது என்று நினைத்துத் தொட்டியில் போட்டவர்கள் மறு மாதம் என்னைக் கூப்பிடுவார்கள்.

மீனின் கன்னத்தில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெரிய கண்கள் கொண்ட ஐசோபாட். மீனின் இரத்தத்தைக் குடிப்பது. பெரிதாக இருந்தால் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுத்துவிடலாம். கூட்டமாக வந்துவிட்டால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, பவளத் தொட்டியை மூன்று மாதத்துக்கு மேல் மீனில்லாமல் பட்டினி போட வேண்டியிருக்கும். சின்னக் கண், மெதுவான நடை, கல்லிலேயே திரிகிற ஐசோபாட் வேறு சாதி. அது துப்புரவாளர்.

எல்லாத் தொல்லைக்கும் ஒரே வழி, கல்லையே கொதிக்க வைத்துவிட்டால்?

இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். லைவ் ராக்கை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், கொதிநீரை அதன் மேல் ஊற்றவும் செய்யாதீர்கள். சோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். ஹவாயின் ஹானா பகுதியில் பழங்காலத்தில் ஈட்டிமுனையில் தடவினார்களே, அந்த நஞ்சுதான். 1971இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆவியோடு கிளம்பினால் பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் தாக்கும். மூச்சுத் திணறல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். ஏசி போட்டுச் சன்னல் சாத்திய வீவக வீட்டில் அதை நினைத்துப் பாருங்கள். தூரிகையால் காற்றில் உரசித் தேய்ப்பதும், மைக்ரோவேவில் வைப்பதும் இதே ஆபத்து. தேய்க்க வேண்டுமானால் தண்ணீருக்குள் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தேயுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் யோசிக்காமல் 995இல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

பிடித்ததைக் கொல்ல மனமில்லை. செந்தோசா பக்கம் கடலில் விட்டுவிடவா?

கூடாது. இந்தோனேசியாவிலிருந்து வந்த கல்லில் இருந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று உங்களுக்கே தெரியாது. மேலே சொன்ன மைட்டெல்லா மட்டி கண்ணுக்கு முன்னால் இருக்கிற சாட்சி. கால்வாயிலும் கழிப்பறையிலும் கூட வேண்டாம். அனுமதியின்றி உயிர்களை வெளியே விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. விற்றவரிடமோ கடையிலோ கேட்டுப் பாருங்கள், சில நேரம் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

அப்படியே எதிர்க் கேள்வியும் வரும்: தென் தீவுகளுக்குப் படகில் போனபோது ஒரு கல்லை எடுத்து வந்தால் என்ன? சிஸ்டர்ஸ் தீவுகள் 2014இலிருந்து கடல் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. கடினப் பவளங்கள் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை. வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரவும் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

பெயர் நிச்சயமாகத் தெரிய வேண்டும். யாரைப் பார்ப்பது?

நம் ஊர் கடலில் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள வகைகள் உண்டு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதைப் படிப்பவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. நண்டுகள் இருக்கும் பகுதியில் ஒரு மதியம் செலவழித்துவிட்டு வாருங்கள், பிறகு உங்கள் தொட்டி நண்டு வேறு மாதிரி தெரியும். இன்னொன்று, நீர் வடிந்த நாளில் புலாவ் உபினின் செக் ஜாவா. படத்தில் பார்த்துக் குழம்பியதெல்லாம் காலடியில் உயிரோடு இருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போட்டாலும் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். தொட்டியில் எடுத்த படம் என்பதை அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பொங்கோலில் புதிய இனம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும்.

முதலிலேயே வராமல் தடுக்க முடியாதா?

காய்ந்த கல்லில் தொடங்கலாம், எதுவும் வராது. நல்லவையும் வராது, தொட்டி பக்குவப்பட மாதக்கணக்கில் ஆகும். நான் பாதிக்குப் பாதி. எந்தப் பவளமும் முதலில் மருந்து நீரில் முக்கி, ஒட்டியிருக்கும் கல்லைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தனித் தொட்டியில் ஒரு மாதம். அந்தத் தனித் தொட்டியைப் பால்கனியில் வைத்தால் நம் ஊர் வெயிலில் தண்ணீர் 31 பாகை தொட்டுவிடும், பூச்சிக்கு முன்னால் பவளம் போய்விடும். மின்விசிறி ஒன்றைத் தண்ணீர் மேல் வீசும்படி வையுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும்.

பிடித்த நண்டை சம்பில் வைத்து வளர்க்கலாமா?

தாராளமாக. கிளாசில் விழுந்த மயிர் நண்டு ஒன்று என் சம்பில் மூன்று வருடமாக இருக்கிறது. மகள் அதற்கு முனியாண்டி என்று பெயர் வைத்து, வாரம் இரண்டு தடவை நெத்திலி போடுகிறாள். பம்பின் வாயில் மட்டும் ஒரு பஞ்சைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். போன தீபாவளி ராத்திரி, விருந்தாளிகள் எல்லாரும் இருக்கும்போது, முனியாண்டி ஏறி அதற்குள் காலை விட்டுப் பம்பை நிறுத்திவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தபோது ஒரு கால் போயிருந்தது. அடுத்த தடவை ஓடு கழற்றியபோது சின்னதாக மறுபடி முளைத்திருந்தது.